புரியலை என்று சொல்ல ஓர் ஆள்

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் திருநெல்வேலி ஜில்லாவோடு வந்து சேர்ந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகியிருக்கும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற மேலகரத்தில், ஓட்டுக் கூரை போட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். போய் வந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. அது ஏனோ சரியாகச் சாரல் காலத்தில்தான் வரும். ஏனோ என்ன ஏனோ, இன்ஸ்பெக்டருக்கும் உடம்புதானே! காலையில் பிள்ளைகளை நாலு கேள்வி கேட்டுவிட்டு, மத்தியானம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெரிய அருவியில் போய் நின்றால் யாருக்குத்தான் கசக்கும்?

எங்கள் ஹெட்மாஸ்டரும் அதற்குத் தகுந்த மாதிரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், வகுப்புக்கு நாலைந்து மக்குப் பிள்ளைகளைப் பொறுக்கித் தனியாகக் கூப்பிடுவார். "ஏலே, நாளைக்கு நீங்க யாரும் பள்ளிக்கூடம் வரண்டாம். அருவிக்குப் போயிக் குளிங்க. பெரிய அருவியில ரொம்ப நேரம் நிக்காதீங்க, அந்த ஐயா அங்கனதான் குளிக்க வருவாவ. ஐந்தருவிக்குப் போயிருங்க" என்பார். நாங்களும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுவோம். நாலாம் வகுப்பிலும் போனேன், ஐந்தாம் வகுப்பிலும் போனேன். மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் தண்ணீரில் ஆட்டம் போடுகிறோமே என்று பெருமையாகக்கூட இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு அந்த வருஷம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். செங்கோட்டைப் பக்கம். டிரெயினிங் முடித்த கையோடு வந்தவர், இருபது இருபத்திரண்டு வயசுதான் இருக்கும். இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'சாரமில்ல' என்பார். நாங்கள் சும்மா இருப்போமா? 'சாரமில்ல டீச்சர்' என்றே பெயர் வைத்துவிட்டோம். அது அவர் காதில் விழுந்தது. அதற்கும் 'சாரமில்ல' என்றுதான் சொன்னார்.

அவர் அட்டெண்டன்ஸ் எடுக்கிற விதமே தனி. யாராவது வரவில்லை என்றால் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போகமாட்டார். நிமிர்ந்து வகுப்பைப் பார்த்து, "இன்னைக்கு இவன் இல்லாததால நமக்கு என்ன குறையுது?" என்று கேட்பார். யாராவது ஒருத்தர் எழுந்து சொல்ல வேண்டும். முதலில் எங்களுக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. போகப் போகப் பழகிவிட்டது. "அவன் இல்லைன்னா படம் வரைய ஆள் இல்ல டீச்சர்." "அவ இல்லைன்னா பாட்டு எடுத்துக்குடுக்க ஆள் இல்ல டீச்சர்." சண்டையை விலக்கிவிடுகிறவன், பல்லி விழுந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிகிறவள் என்று ஆளுக்கு ஒன்று இருந்தது. வராதவர்கள் மறுநாள் வந்ததும் ஓடிப்போய், உன்னைப் பற்றி நேற்று இப்படிச் சொன்னோமாக்கும் என்று சொல்லிவிடுவோம். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் போகவில்லை. திரும்பிப் போன அன்று நானும் ஆசை ஆசையாகப் பக்கத்தில் இருந்தவளிடம், "ஏட்டி, எனக்கு என்ன சொன்னிய?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். விடாமல் நச்சரித்த பிறகுதான் சொன்னாள். எங்கள் வகுப்பில் எப்போதும் முதல் ராங்க் வாங்குகிற பிள்ளை ஒருத்தி உண்டு. அவள் எழுந்து, "ஒண்ணும் குறையல டீச்சர்" என்றாளாம். வகுப்பே சிரித்ததாம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லையாம். "ஒண்ணும் குறையலைன்னா, நாம இன்னும் சரியாப் பாக்கலைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனாராம். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பருவக்காற்றுப் பாடம். தென்மேற்கிலிருந்து வருகிற மேகமெல்லாம் மலையில் முட்டி, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடும், மலை மறைப்பதால் நம் பக்கம் மழை இல்லை என்று டீச்சர் படம் போட்டு விளக்கினார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்!" என்று கூரை ஓடு அதிர ஒரே சத்தம். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து என் சிலேட்டில் எழுதியிருந்ததெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"புரியல டீச்சர். மலை மறைக்குதுன்னா இந்தச் சாரல் எப்படி வருது?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "எனக்கும் தெரியலையே. இந்த மலையடியிலதான் பிறந்து வளர்ந்தேன். ஒரு நாள்கூட இதை யோசிச்சதில்ல. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

தெரியாது என்று ஒரு டீச்சர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகச் சொன்னார். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடரில் ஓர் இடைவெளி இருக்கிறதாம். ரோடும் ரயிலும் அந்த வழியாகத்தான் மலையாளத்துக்குப் போகின்றன, காற்றும் மேகமும் அதே வழியாக நம்மிடம் நுழைந்து வருகின்றன என்றார். சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "இந்தப் பாடத்தை நமக்குக் குடுத்தது இவதான்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டீச்சர் மார்க் போடுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். பாதி மார்க் பரீட்சைக்கு. மீதிப் பாதி, அந்த மாதம் வகுப்புக்கு நீ என்ன கொடுத்தாய் என்பதற்கு. அந்த மாதம் பரீட்சையில் வழக்கம்போல நான் ஒற்றை இலக்கம்தான். ஆனால் மீதிப் பாதியில் முழு மார்க்! வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாஸ். ஹெட்மாஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. "என்ன டீச்சரம்மா, மார்க் என்ன சந்தைக் கொசுறா? இப்படி அள்ளிக் குடுக்கிய?" என்று வராந்தாவில் வைத்தே கேட்டார்.

"புரியாமலே தலையாட்டுத பிள்ளைக்கு மார்க் போடுதோமே சார். புரியலைன்னு சொல்லுத பிள்ளைக்குப் போடக் கூடாதா?" என்றார் டீச்சர். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன் வரட்டும். உங்க வேலையே அந்த ரிப்போர்ட்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பிள்ளைகள் எனக்கு 'புரியல' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "ஏட்டி புரியல, இங்கன வா" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் போவேன்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா குற்றாலம் ரோட்டோரம் குத்தகைக்கு வயல் எடுத்து நெல் போட்டிருந்தார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று எங்களை அருவிக்கு அனுப்புகிற சமாசாரம் போன வருஷம்தான் அவருக்குத் தெரிந்தது. "பள்ளிக்கூடமே வேண்டாம்னு வெரட்டுத பிள்ளைய நான் எதுக்கு அனுப்பணும்? இன்னொரு தடவை இப்படி நடந்துச்சு, பீடித்தட்டு வாங்கித் தந்திருவேன், வீட்ல உக்காந்து சுத்து" என்று அப்போதே சொல்லியிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர். எங்கள் தெருவில் என் வயசுப் பிள்ளைகள் பாதிப் பேர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். போன வருஷம்வரை அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாரல் பாடத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடம் இல்லாமல் எப்படி இருப்பேன் என்று நினைத்தாலே பகீர் என்றது.

அந்த வருஷமும் சாரல் ஓய்வதற்குள் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் கலர் சாக்பீஸ் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். ஹெட்மாஸ்டர் அந்த நேரம் பார்த்து எங்களைக் கூப்பிட்டார். நான் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தேன். "ஏட்டி புரியல, நீயுந்தான்" என்றார்.

மறுநாள் காலை எங்கள் கூட்டம் குற்றாலம் ரோட்டில் நடந்தது. வயல் பக்கம் வந்ததும் நான் மற்றவர்களுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து நடந்தேன். அப்பா பார்த்துவிட்டார். மண்வெட்டியோடு வரப்பில் ஏறி வந்து, "பள்ளிக்கூடத்துக்குப் போகாம எங்கட்டி போறிய?" என்றார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். கூட வந்த பயல் ஒருத்தன் உற்சாகமாக, "இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் மாமா. எங்கள வரண்டாம்னுட்டாவ" என்று போட்டு உடைத்தான். அப்பா மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

"சரி. போயிக் குளிச்சிட்டு வா. இன்னையோட முடிஞ்சுது. சாயங்காலம் தட்டு வாங்கியாந்திருதேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பெரிய அருவிக்குக் கீழே போய் நின்றேன். அருவியில் நின்று அழுவதில் ஒரு வசதி, பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. நன்றாக அழுது தீர்த்தேன். அழுது முடிந்தபோது ஒன்று தோன்றியது. இன்ஸ்பெக்டர் வந்ததும் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். என் பெயர் வரும். டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்பார். திரும்பவும் 'ஒண்ணும் குறையல' என்று சொல்லிவிட்டால்? அதுதான் கடைசி என்றால், அந்தச் சொல்லோடு அல்லவா நான் காலம் பூராவும் பீடித்தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்! கடைசி நாளைக்காவது என் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று வைராக்கியம் வந்துவிட்டது. மற்றவர்கள் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். நான் திரும்பிவிட்டேன். "ஏட்டி, பெரிய சார் தோலை உரிச்சிருவாரு!" என்று பின்னால் கத்தினார்கள். நான் நிற்கவில்லை. வழியில் பார்த்தால் வயலில் அப்பாவைக் காணோம். தட்டு வாங்கப் போய்விட்டார் என்று நினைத்ததும் ஓடவே ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூட வாசலில் குதிரைவண்டி நின்றது. எங்கள் வகுப்புக்குள்ளிருந்து புதுக் குரல் கேட்டது. உள்ளே போகத் துணிச்சல் இல்லாமல் ஜன்னலுக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நின்றேன்.

"ரிஜிஸ்டர்ல உள்ள பேரும் இங்க உள்ள தலையும் சரியா இருக்கான்னு பாக்கணும். பேரைக் கூப்பிடுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வராத முதல் பெயர் வந்தது. "ஊரெல்லாம் காய்ச்சல் ஐயா" என்று ஹெட்மாஸ்டர் முந்திக்கொண்டார். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத்தான் பழகிப்போயிற்றே! ஒருத்தன் தானாக எழுந்து, "அவன் இல்லைன்னா சண்டைய விலக்கிவிட ஆள் இல்ல டீச்சர்" என்றான். என்ன இது என்று இன்ஸ்பெக்டர் கேட்க, டீச்சர் தயங்கித் தயங்கித் தன் வழக்கத்தைச் சொன்னார். "ம். மேல கூப்பிடுங்க" என்றார் அவர்.

அடுத்து என் பெயர்.

சத்தமே இல்லை. ஓடிவிடலாமா என்று காலைத் தூக்கிவிட்டேன். அப்போது முதல் ராங்க் பிள்ளையின் குரல் கேட்டது.

"அவ இல்லைன்னா, புரியலைன்னு சொல்ல ஆள் இல்ல டீச்சர்." அதோடு விடாமல், "அவ கேட்டாத்தான் எங்களுக்கும் புரியும்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. குளிர் என்று நினைத்துவிடாதீர்கள்! நேரே போய் வாசலில் நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றேன். பாவாடையிலிருந்து தண்ணீர் ஒழுகி, நின்ற இடமெல்லாம் குளம். ஹெட்மாஸ்டர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் காய்ச்சலுக்கு அருவித் தண்ணிதான் வைத்தியம் போல" என்றார். டீச்சர் ஓடிவந்து தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டு உட்கார வைத்தார்.

இன்ஸ்பெக்டர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். அரையைக் காலால் வகுக்க வேண்டும். வகுப்பு ஒரே குரலில் சொன்னது: காலைத் தலைகீழாக்கிப் பெருக்கணும், விடை இரண்டு. "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது ஐயா!"

எனக்குப் புரியவில்லை. கை தன்னால் பாதி எழுந்தது. அப்போதுதான் ஹெட்மாஸ்டர் என்னை முறைப்பதைப் பார்த்தேன். டீச்சரின் வேலை இந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. டீச்சரைப் பார்த்தேன். நான் எதற்குத் தயங்குகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து மெல்ல, "சாரமில்ல. கேளு" என்றார்.

"புரியல ஐயா. வகுத்தா குறையத்தான செய்யணும்? அரையை வகுத்தா எப்படி ரெண்டு வரும்? கூடில்லா போச்சு?"

இன்ஸ்பெக்டர் முதல் ராங்க் பிள்ளையை எழுப்பி, "நீ சொல்லு, ஏன் கூடுச்சு?" என்றார். அவள் "தலைகீழாப் போட்டுப் பெருக்கணும் ஐயா" என்றாள். "அது சரி, ஏன்?" என்றார். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "எனக்கும் புரியல ஐயா."

முதல் ராங்க்! அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததுதான் தாமதம், பின்னால் ஒருத்தன் "எனக்கும் புரியல" என்றான். ஜன்னலோரம் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தன். அணை திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை பேரும் இத்தனை நாளும் சும்மாவா தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்!

இன்ஸ்பெக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சாக்பீஸை வைத்துவிட்டுச் சிரித்தார். "நானும் தலைகீழாப் போட்டுத்தான் பாஸ் பண்ணினேன். ஏன்னு யாரும் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல" என்றார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தவர், மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். செம்பையும் தம்ளரையும் எடுத்துவரச் சொன்னார். செம்பில் பாதி தண்ணீர் ஊற்றினார். "இது அரைச் செம்பு. இந்தத் தம்ளர் கால் செம்பு பிடிக்கும்னு வச்சுக்குவோம். இந்தத் தண்ணி எத்தனை தம்ளர் வரும், ரெண்டு பேரும் ஊத்திப் பாருங்க" என்றார். அவள் தம்ளரைப் பிடித்தாள், நான் ஊற்றினேன். ஒன்று. இரண்டு. செம்பு காலி.

"தண்ணி கூடல ஐயா, தடவைதான் கூடுது!" என்று கத்திவிட்டேன். "தம்ளர் சின்னதா ஆக ஆகத் தடவை கூடும்!"

"இப்பப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா."

"அப்பாடா" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்தத் தடவை வகுப்பு கத்தவில்லை. எல்லோரும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் அன்று மத்தியானம் அருவிக்குப் போகவில்லை. ஐந்தருவிக்குப் போன பிள்ளைகள் வரட்டும், அவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு எந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கும் யாரையும் அருவிக்கு அனுப்பவில்லை. டீச்சரின் வேலையும் நிலைத்தது.

விளக்கு வைக்கிற நேரம் வீட்டுக்குப் போனேன். நடையில் புதுப் பீடித்தட்டு சாத்தியிருந்தது. பக்கத்தில் கத்தரிக்கோலும் இலைக்கட்டும்கூட. "அப்பா, நான் நாளைக்கும் பள்ளிக்கூடம் போவேன்" என்றேன். அப்பா நிமிரக்கூட இல்லை. வெறுப்பாகச் சொன்னார்: "நீ போகலைன்னா அங்கன என்ன குறையப் போகுது?"

அதே கேள்வி! இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். காலையில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இல்லை. இப்போது இருந்தது.

"புரியலைன்னு சொல்ல ஆள் இருக்காதுப்பா."

நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுக்களையிலிருந்து நாழியையும் அதில் கால் பங்கு பிடிக்கிற உழக்கையும் எடுத்து வந்து, அரை நாழி அரிசியை அள்ளி, அவர் கையாலேயே அளக்க வைத்தேன். அளந்து முடித்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். "இன்ஸ்பெக்டரையே யோசிக்க வச்சிட்டியோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். மறுநாள் காலையில் இலைக்கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தட்டில் எங்கள் வீட்டில் ரொம்ப வருஷம் வற்றல் காயப்போட்டார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நர்ஸ் ஆனேன். முதல் ராங்க் எதுவும் வாங்கியதில்லை. ஆனால் பெரிய பெரிய டாக்டர்கள் சொல்லச் சொல்ல எல்லோரும் தலையாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில், "புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க எனக்கு வாய் கூசியதே இல்லை. அப்படிக் கேட்டதில், ஒரு நாள் ஒரு குழந்தைக்கு எழுதிய மருந்தை டாக்டர் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, சட்டென்று அடித்து அளவைக் குறைத்து எழுதினார். அந்தக் குழந்தை இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது.

அன்றைக்கு நான் அங்கே இல்லாமல் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன வயசு டீச்சரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. இப்போதும் யாரையாவது பார்த்து இவனால் என்ன ஆகப்போகிறது என்று என் மனசு சொல்ல வாயெடுத்தால், நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் குரல்தான் முந்திக்கொள்கிறது.